பாம்பு சொல்லித் தந்த பாடம்!

குட்டீஸ், அதிகாலையில் திருவான்மியூர் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? சூரியன் மேலே வருவதற்குள் அங்கே ஒரு கூட்டமே கூடிவிடும். ஓடுகிற அண்ணன்கள், வேக நடை போடும் அத்தைகள், கைகளை வீசி நடக்கும் தாத்தா, பாட்டிகள்...

அந்தக் கூட்டத்தில் ஒரு தாத்தாவை மட்டும் கற்பனை செய்து கொள்ளுங்கள். அவர் நூறடி நடக்கிறார். பிறகு நெஞ்சில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்து விடுகிறார். யாரோ பெரிய கல்லைத் தூக்கி மார்பில் வைத்தது போல் அழுத்துகிறது. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்ததும் வலி போய்விடுகிறது. எழுந்து நடந்தால் மறுபடியும் அதே வலி!

தாத்தா டாக்டரிடம் போகிறார். பரிசோதனை எல்லாம் முடிந்ததும் டாக்டர், 'உங்கள் இதயத்துக்குப் போதிய ரத்தம் போகவில்லை. ஆனால், உங்களுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை செய்ய முடியாது' என்கிறார்.

அப்படியானால் இந்தத் தாத்தாவுக்கு வேறு வழியே இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல டாக்டர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அந்தக் கதையில் ஒரு பாம்பு வருகிறது. ஓர் ஊசி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சமும் வருகிறது!

பக்கத்தில் கடல்; குடிக்கத் தண்ணீர் இல்லை!

நம் இதயம் நம் கைமுட்டி அளவுதான் இருக்கும். அது நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல்! ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புகிறது.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறது. அப்படியிருக்க இதயத்துக்கே ரத்தம் போதவில்லை என்றால் வேடிக்கையாக இல்லையா?

திருவான்மியூர்க் கடற்கரையில் நின்று பாருங்கள். எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். ஆனால், தாகம் எடுத்தால் அதைக் குடிக்க முடியுமா? வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்தானே வேண்டும்! இதயமும் அப்படித்தான். அதன் சுவர் கெட்டியான தசையால் ஆனது. உள்ளே நிற்கும் ரத்தத்தை அந்தச் சுவரால் நேரடியாக உறிஞ்சிக்கொள்ள முடியாது. இதயத்தின் வெளிப்பக்கம் ஒரு கிரீடம் போலச் சுற்றிப் படர்ந்திருக்கும் சிறு ரத்தக்குழாய்கள்தான் அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டு வருகின்றன. அவற்றுக்குக் கொரோனரி ரத்தக்குழாய்கள் என்று பெயர்.

இந்தக் குழாய்களின் உள்ளே கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டால் தசைக்குப் பிராணவாயு கிடைக்காது. நடக்கும்போதும் படி ஏறும்போதும் இதயம் அதிகம் உழைக்க வேண்டும். அப்போது 'எனக்கு ரத்தம் போதவில்லை' என்று தசை அழுகிறது. அந்த அழுகைதான் நம் தாத்தாவின் நெஞ்சுவலி. அடைப்பு முழுதாகிவிட்டால் மாரடைப்பு வந்துவிடும்.

மாற்றுப் பாதை

அடையாறிலிருந்து திருவான்மியூருக்கு எல்.பி. சாலை வழியாக வருகிறீர்கள். வழியில் பெரிய போக்குவரத்து நெரிசல். ஆட்டோக்காரர் என்ன செய்வார்? 'சார், இந்திரா நகர் வழியாப் போயிடலாம்' என்று வண்டியைத் திருப்புவார். நெரிசலைத் தாண்டியதும் மறுபடியும் பெரிய சாலையில் வந்து சேர்ந்து விடுவார்.

பைபாஸ் அறுவை சிகிச்சையும் இதேதான்! நோயாளியின் காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்புக்கு முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு முனை என்று தைத்து விடுவார்கள். ரத்தம் புதுப்பாதையில் ஓடும்.

இதில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சை 1975ஆம் ஆண்டு நம் பெரம்பூரில் உள்ள தெற்கு ரயில்வே தலைமை மருத்துவமனையில்தான் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அப்போது அவருக்கு வயது 33தான்! 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். இந்தியாவில் லேசர் இதய சிகிச்சைக்கு முன்னோடி என்றும் அவரைச் சொல்வார்கள்.

சரி, நம் தாத்தாவுக்கு ஏன் பைபாஸ் செய்ய முடியாது? பெரிய சாலையில் மட்டும் நெரிசல் என்றால் சுற்றிப் போகலாம். ஆனால், எல்லாச் சந்துகளிலும் பொந்துகளிலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றால் எங்கே போய்ச் சேருவது? சிலருடைய இதயத்தில் சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் கூட நுனி வரை அடைபட்டிருக்கும். புதிய குழாயை வைத்துத் தைக்க நல்ல இடமே இருக்காது. இன்னும் சிலருக்கு முன்பே ஒரு முறை பைபாஸ் ஆகியிருக்கும். மறுபடியும் செய்வது ஆபத்தாக இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பாம்பின் இதயம்

கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணைக்குப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் பாம்பைப் பார்த்து ஒரு வணக்கம் வையுங்கள். ஏன் தெரியுமா?

பாம்பின் இதயச் சுவர் நம்முடையது போல் கெட்டியாக இருக்காது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு போல, உள்ளே எங்கு பார்த்தாலும் சிறு சிறு இடுக்குகள் இருக்கும். இதயத்துக்குள் வரும் ரத்தம் அந்த இடுக்குகளில் புகுந்து தசையை நேராகவே நனைத்து விடும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரத்தமே தசைக்குப் போதும்.

இன்னொரு வியப்பு: நாம் அம்மாவின் வயிற்றில் மிகச் சிறிய கருவாக இருந்தபோது நம் இதயமும் அப்படிப் பஞ்சாகத்தான் இருந்தது! வளர வளரத்தான் கெட்டியானது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பிரபுல்ல குமார் சென் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இருந்தார். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் இவரே. தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்றைச் செய்து மூன்று மாதம் கூட ஆகவில்லை அப்போது!

அதற்கு முன்பே டாக்டர் சென்னின் மனத்தில் ஒரு யோசனை ஓடிக் கொண்டிருந்தது. 'பாம்பின் இதயத்தில் இயற்கை வைத்திருக்கும் இடுக்குகளை மனித இதயத்தில் நாம் உண்டாக்கினால் என்ன?'

அவரும் அவரது குழுவினரும் மெல்லிய ஊசியால் இதயச் சுவரில் வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். முதலில் நாய்களிடம் சோதனை செய்தார்கள். 1965ஆம் ஆண்டு அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளியிட்டார்கள். குழாய்த் தண்ணீர் வராத தெருவில் வீட்டுக்கு வீடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவது போன்ற யோசனை இது! அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா. பின்னாளில் இந்தியாவில் சிறு துளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று புகழ் பெற்றவர் அவர்.

ஆனால், ஒரு சிக்கல். ஊசி குத்திய துளைகள் சீக்கிரமே மூடிக்கொண்டன. உங்கள் விரலில் முள் குத்தினால் இரண்டு நாளில் ஆறிவிடுகிறது அல்லவா? அதேபோலத்தான். யோசனை நன்றாக இருந்தது, கருவிதான் போதவில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

அந்தக் கருவி வேறொரு பக்கத்தில் பிறந்து கொண்டிருந்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் உலகின் முதல் லேசரை உருவாக்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது மாணிக்கக் கல் தண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1964ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு லேசர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிராவில் உள்ள பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் படேல். இந்த லேசரை உண்டாக்கும் முக்கியப் பொருள் எது தெரியுமா? சோடா பாட்டிலைத் திறந்தால் 'புஸ்' என்று வருகிறதே, அந்தக் கரியமில வாயுதான்!

சாதாரண பல்பின் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். லேசர் வெளிச்சமோ சிதறாமல், ஒரே நேர்க்கோட்டில், ஒரே நிறத்தில் போகும். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருப்பீர்கள். லேசரின் வலிமை அதைவிடப் பல மடங்கு. கரியமில வாயு லேசர் நம் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். நம் தசையில் பெரும்பகுதி தண்ணீர் ஆயிற்றே! லேசர் பட்ட இடம் சட்டென்று சூடேறி ஆவியாகி விடும். கத்தி இல்லாமலே துளை தயார்!

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இருந்த டாக்டர் மஹ்மூத் மிர்ஹொசைனி, 1980களின் தொடக்கத்தில் இந்த லேசரை எடுத்துக்கொண்டு, டாக்டர் சென் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவருடைய முதல் லேசர் வலிமை குறைந்தது. ஒரு துளையிட நேரம் பிடித்தது. அதனால் இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் செய்ய முடிந்தது. பிறகு பத்து மடங்கு வலுவான லேசர்கள் வந்தன. துடிக்கும் இதயத்திலேயே கண் இமைக்கும் நேரத்தில் துளையிட முடிந்தது!

எப்படிச் செய்வார்கள்?

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். இடது மார்பில் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு திறப்பு. உள்ளே இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவதில்லை.

லேசர் கருவியின் முனையை டாக்டர் இதயத்தின் இடது கீழறைச் சுவர் மேல் வைப்பார். கருவி இ.சி.ஜி. இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதயத்தின் அறை ரத்தத்தால் நிறைந்து விரிந்து நிற்கும் அந்தக் கணத்தில் மட்டுமே லேசர் பாயும். ஏன் அப்படி? சுவரைத் துளைத்துப் போகும் லேசரை உள்ளே இருக்கும் ரத்தம் உறிஞ்சி அணைத்துவிடும். அதனால் எதிர்ப்பக்கச் சுவருக்குக் காயம் படாது. துளை சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? எக்கோ கருவியின் திரையில், அறைக்குள் ரத்தத்தில் குமிழிகள் கிளம்புவது தெரியும்!

இப்படி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 20 முதல் 40 துளைகள் வரை போடுவார்கள். ரத்தம் பீய்ச்சி அடிக்காதா என்று கேட்கிறீர்களா? டாக்டர் விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் வெளிப்பக்கத் துளை ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும்.

1998ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. இந்தியாவிலும் பெரிய மருத்துவமனைகள் சில இதைச் செய்தன. நாளிதழ்களில் 'இதயத்துக்கு லேசர்' என்று கொட்டை எழுத்தில் செய்திகள் வந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால், முடியவில்லை!

வலி போனது எப்படி?

1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் 192 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. நெஞ்சுவலியை டாக்டர்கள் நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி இரண்டு படியாவது இறங்கியிருந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. எல்லோருக்கும் மகிழ்ச்சி!

அதே ஆண்டு இங்கிலாந்தில் 188 பேரிடம் நடந்த ஆய்வோ வேறு மாதிரி சொன்னது. 'வலி குறைந்தது என்கிறார்கள். ஆனால், நடக்க வைத்துப் பார்த்தால் முன்னைவிடப் பெரிதாக அதிக நேரம் நடக்கவில்லை. அறுவை சிகிச்சையின் ஆபத்தும் இருக்கிறது' என்றது.

இன்னொரு புதிரும் வந்தது. இறந்துபோன சில நோயாளிகளின் இதயத்தைச் சோதித்தபோது, லேசர் போட்ட துளைகளும் பெரும்பாலும் மூடிப்போயிருந்தன. ஊசித் துளைகளைப் போலவே! துளையே இல்லை என்றால் வலி எப்படிக் குறைந்தது?

சிலர், 'காயம் ஆறும்போது அந்த இடத்தில் புதிய சிறு ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன' என்றார்கள். சிலர், 'வலியைச் சொல்லும் நரம்புகளை லேசர் சுட்டுவிடுகிறது' என்றார்கள். இன்னும் சிலர், 'பெரிய சிகிச்சை நடந்துவிட்டது என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கிறது' என்றார்கள்.

நம்பிக்கையால் வலி குறையுமா? குறையும்! கீழே விழுந்து முட்டியில் அடிபட்டபோது அம்மா ஊதிவிட்டு, 'சரியாப் போச்சு' என்றதும் வலி குறைந்ததே, நினைவிருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்க டாக்டர்கள் ஒரு நேர்மையான சோதனை வைத்தார்கள். மார்பைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் அனுப்பி, உள்ளிருந்தே லேசர் போடும் முறை ஒன்றும் அப்போது இருந்தது. அதற்கு வந்த 298 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதிகத் துளைகள். அடுத்த பிரிவுக்குக் குறைந்த துளைகள். மூன்றாவது பிரிவுக்குச் சிகிச்சை போலவே எல்லாம் செய்தார்கள். லேசரை மட்டும் போடவில்லை! தான் எந்தப் பிரிவு என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோரும் சம்மதித்துத்தான் கலந்துகொண்டார்கள்.

2005ஆம் ஆண்டு முடிவு வெளியானது. மூன்று பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்! லேசரே போடாதவர்களும், 'எனக்கு இப்போது பரவாயில்லை' என்றார்கள்.

2009ல் இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பு, மார்பைத் திறந்து செய்யும் லேசர் சிகிச்சையையும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பைபாஸ் செய்யும்போதே, குழாய் தைக்க முடியாத பகுதியில் மட்டும் லேசர் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மொத்தத்தில், ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்ட இந்தச் சிகிச்சை இப்போது அரிதாகிவிட்டது.

தோல்வியா, வெற்றியா?

'அப்படியானால் டாக்டர் சென் முதல் எல்லோரும் பாடுபட்டது வீணா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை, குட்டீஸ்!

ஒரு பாம்பின் இதயத்தைப் பார்த்து மனிதனைக் காப்பாற்ற வழி தேடியது பெரிய சிந்தனை. தாங்கள் ஆசையாக வளர்த்த யோசனையைத் தாங்களே பரிசோதித்து, 'இது நாங்கள் நினைத்த மாதிரி இல்லை' என்று உலகத்துக்குச் சொன்னது அதைவிடப் பெரிய செயல். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், ஆயிரக்கணக்கான தாத்தா, பாட்டிகள் தேவையில்லாமல் மார்பைத் திறந்துகொண்டிருப்பார்கள் அல்லவா?

சரி, நம் கடற்கரைத் தாத்தாவுக்கு இன்று என்ன செய்வார்கள்? முன்னைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. மிகச் சிறிய ரத்தக்குழாயிலும் வைக்கக்கூடிய ஸ்டென்ட் என்ற வலைக்குழாய்கள் இருக்கின்றன. கால்களில் காற்றுப் பைகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்ப அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும் ஒரு சிகிச்சையும் சிலருக்குத் தரப்படுகிறது. டாக்டர் சொல்படி மெதுவாக நடப்பதும் ஒரு சிகிச்சையே.

திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயில் இருக்கிறது. சிவபெருமான் அகத்தியருக்கு மருந்துகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த இடம் என்று தல புராணம் கூறுகிறது. கவனித்தீர்களா? அந்தக் கதையிலும் அகத்தியர் ஒரு மாணவராகத்தான் வருகிறார்! மருத்துவத்தில் எவ்வளவு பெரியவரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* வீட்டில் பெரியவர் யாராவது நெஞ்சு அழுத்துகிறது, இடது கை வலிக்கிறது, திடீரென்று வியர்க்கிறது என்று சொன்னால், 'வாயுவாக இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். அவரை உட்கார வைத்துவிட்டு, உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே 108க்கு போன் செய்து முகவரி சொல்லுங்கள். உங்கள் வீட்டு முகவரியை இன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்!

* கொழுப்பு படிவது சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாடுங்கள். பொட்டலத் தீனிக்குப் பதில் வேர்க்கடலை, சுண்டல், கொய்யாப்பழம் சாப்பிடுங்கள்.

* வீட்டில் யாராவது புகை பிடித்தால், 'எனக்காக விட்டுவிடுங்கள்' என்று கேளுங்கள். டாக்டர் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் சீக்கிரம் பலிக்கும்!

* கடையில் விற்கும் லேசர் பேனாவை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். பார்வையே போய்விடலாம்.

நாளை காலை கடற்கரைக்குப் போனால், நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் தாத்தா யாராவது கண்ணில் படுகிறாரா என்று பாருங்கள். பட்டால், 'என்ன தாத்தா, உடம்புக்கு என்ன?' என்று பக்கத்தில் போய்க் கேட்பீர்கள்தானே, குட்டீஸ்?